பாவு ஒரு முகம், ஊடை மறு முகம்: பி.சி.பி. வரையும் மென்பொருளின் தொடக்க காலம்

பி.சி.பி. எனப்படும் மின்சுற்றுப் பலகையை, சுருக்கமாகப் போர்டை, வரையும் மென்பொருள் கீகேட். அதில் புதிதாக ஒரு சர்க்யூட் படம் திறந்தால் பின்னணிக் கட்டம் 50 மில் என்று இருக்கும். மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 50 மில் என்றால் 1.27 மி.மீ. ஊடை அறுந்ததும் விசைத்தறியை நிறுத்தும் போர்டு, மோட்டாரில் ஒரு பேஸ் போனால் ஸ்டார்ட்டரை விடுவிக்கும் போர்டு என்று சேலத்தில் சிறிய அளவில் லேஅவுட் (போர்டில் செம்பு வழிகளின் அமைப்பு) போட உட்காரும் பிள்ளைகள் பலர் முதல் வேலையாக இந்த எண்ணைத்தான் மாற்றுகிறார்கள். 1 மி.மீ. என்றோ 2.5 மி.மீ. என்றோ வைத்தால் மனதுக்குச் சுலபம்.

பிறகு இரண்டு இடத்தில் அடி விழும். சர்க்யூட் படத்தில் கம்பியின் முனை சின்னத்தின் கால்முனையைத் தொட்டதுபோலத் தெரியும், ஆனால் ஒட்டியிருக்காது. போர்டில் வரும் அடி இன்னும் பெரியது. 40 கால் ஐ.சி.க்குப் பேட்களை, அதாவது கால்களைப் பற்றவைக்கும் செம்புத் திட்டுகளை, கையால் 2.5 மி.மீ. இடைவெளியில் வைத்தால், ஒவ்வொரு இடைவெளியிலும் 0.04 மி.மீ. குறையும். ஒரு வரிசையில் 20 கால், 19 இடைவெளி. கடைசிக் காலுக்குப் போவதற்குள் 0.76 மி.மீ. தள்ளிவிடும். 0.8 மி.மீ. துளையில் அந்தக் கால் இறங்கவே இறங்காது. 8 கால் ஐ.சி.யில் இதே தவறு 0.12 மி.மீ.தான், அது சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். அதனால்தான் சின்ன போர்டில் தெரியாத பிழை பெரிய போர்டில் வந்து நிற்கிறது.

இந்த 0.1 அங்குலப் பழக்கம் மென்பொருளைவிட மூத்தது. ஃபேர்சைல்டு நிறுவனம் 1964-ல் கொண்டுவந்த, இரு பக்கமும் கால் வரிசை உள்ள டிப் என்ற ஐ.சி. உறையின் கால் இடைவெளி 0.1 அங்குலம். லேஅவுட் மென்பொருள்கள் எல்லாம் அந்தக் காலைச் சுற்றியே கட்டப்பட்டன. அது மட்டுமில்லை. இன்றைய மென்பொருளில் காரணம் புரியாமல் நிற்கும் பல வழக்கங்கள் ஏதோ ஒரு பழைய கருவியின் எல்லையிலிருந்து வந்தவை. எந்தக் கருவி என்று தெரிந்தால் எந்த வழக்கத்தைக் காப்பாற்ற வேண்டும், எதைத் தைரியமாக விடலாம் என்பதும் தெரியும்.

முதல் கருவி கறுப்பு டேப். கணினி வருவதற்கு முன்னும், வந்த பிறகு பல ஆண்டுகளும், போர்டு வரைந்தது கண்ணாடி மேசை மேல்தான். அடியில் விளக்கு, மேலே 0.1 அங்குலக் கட்டம் அச்சிட்ட தாள், அதன் மேல் மைலார் படலம். பேட்களுக்கு வட்டமாக வெட்டிய ஒட்டுத் துண்டுகள், டிராக்குகளுக்கு, அதாவது பேட்களை இணைக்கும் செம்புக் கோடுகளுக்கு, சுருக்க அமைப்புள்ள க்ரேப் டேப். அமெரிக்காவின் பிஷப் கிராபிக்ஸ் இந்தப் பொருள்களுக்குப் பேர் போன நிறுவனம். படத்தை நிஜ அளவில் ஒட்டமாட்டார்கள். இரண்டு மடங்கு, நுணுக்கமானால் நான்கு மடங்கு. பிறகு கேமராவால் சுருக்குவார்கள். கை 0.2 மி.மீ. தவறினால் இரண்டு மடங்குப் படத்தில் அது 0.1 மி.மீ. ஆகும், நான்கு மடங்கில் 0.05 ஆகும்.

இரண்டு முகப் போர்டுக்கு ஒரு அருமையான வழி இருந்தது. ஒரே மைலாரின் ஒரு பக்கம் சிவப்பு டேப், மறு பக்கம் நீல டேப், பேட்கள் மட்டும் கறுப்பு. கேமராவுக்கு முன் சிவப்பு வடிகட்டி வைத்தால் சிவப்பு டேப் பின்னணியோடு கலந்து மறையும், நீலமும் கறுப்பும் மட்டும் பிலிமில் பதியும். நீல வடிகட்டி வைத்தால் மாறி நடக்கும். இரண்டு முகத்துக்கும் பேட் ஒரே துண்டு என்பதால் மேல் கீழ் விலகல் என்ற பேச்சே இல்லை. லேஅவுட் மென்பொருள்களில் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறு பக்கம் நீலமாகவும் காட்டும் பழக்கம் இந்த டேப் மேசையின் நிறங்களோடு அப்படியே ஒத்துப்போகிறது.

டேப்பில் என்ன கெடும்? வளைவில் இழுத்து ஒட்டினால் க்ரேப் டேப் சில நாளில் பழைய நீளத்துக்கு மெல்லத் திரும்பும். பேட்டோடு சேரும் இடத்தில் மயிரிழை விலகும். கேமரா அந்த இடைவெளியைப் பதிக்கும், போர்டில் இணைப்பு இருக்காது. வெப்பத்தில் பசை இளகினால் இது இன்னும் விரைவாக நடக்கும். அதனால் வளைவில் டேப்பை இழுக்காமல் தள்ளித் தள்ளி வைப்பதும், பேட்டின் மேல் முழுக்க ஏற்றி வெட்டுவதும் கைப்பழக்கமாக இருந்தன. டிராக்கும் பேட்டும் சேரும் இடத்தைச் சொட்டுப்போல அகலமாக்கும் டியர்டிராப் வசதி இப்போது மென்பொருளில் வருகிறது. அது காப்பது துளை சற்று விலகிப் போனாலும் டிராக் அறாமல் இருப்பதை. பலவீனமான இடம் அன்றும் இன்றும் அதே சேர்மானம்தான்.

நடுவில் ஒரு ஐ.சி. கூடினால்? பாதிப் போர்டை உரித்து மறுபடி ஒட்ட வேண்டும். சரிபார்ப்பு அதைவிடக் கடினம். ஒருவர் சர்க்யூட் படத்தின் நகலில் ஒவ்வொரு கம்பியாக மஞ்சள் பென்சிலால் தீற்றிக்கொண்டே போவார், இன்னொருவர் மைலாரில் அதே வழியை விரலால் தொடர்வார். தீற்றாத கோடு மிஞ்சினால் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. படத்தில் இல்லாத டேப் மிஞ்சினால் ஷார்ட். நெட்லிஸ்ட் (எந்தக் கால் எந்தக் காலோடு சேரும் என்ற பட்டியல்) ஒப்பீடு என்று இன்று நொடியில் முடிவது இந்த வேலைதான்.

கணினி இந்தத் துறைக்குள் வந்தது படம் வரைய அல்ல, வழி தேட. 1950-களில் கணினித் தயாரிப்பாளர்களே தங்கள் இயந்திரங்களின் பின்பலகைக் கம்பிப் பட்டியலைக் கணினியில் தொகுக்கத் தொடங்கியிருந்தார்கள். வடிவமைப்பைத் தானியக்கமாக்குவது பற்றிய முதல் பட்டறை 1964-ல் நடந்தது. ஆண்டுதோறும் நடக்கும் டி.ஏ.சி. என்ற வடிவமைப்புத் தானியக்க மாநாட்டின் வேர் அதுதான். ஆனால் முக்கியமான திருப்பம் அதற்கு முன்பே, 1961-ல் வந்துவிட்டது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சி. ஒய். லீ வெளியிட்ட வழிதேடும் முறை அது. அதே ஆய்வகத்தின் எட்வர்ட் மூர் 1959-ல் புதிர்வழியில் மிகக் குறுகிய வழி தேடும் முறையைச் சொல்லியிருந்தார். லீ அதைக் கட்டத் தாளுக்குக் கொண்டுவந்தார்.

அம்மாபேட்டைப் பக்கம் ஜக்கார்டுக்கு டிசைன் போடுபவர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும். அவர்களுடைய கிராப் தாளில் ஒரு செங்குத்து வரிசை ஒரு கொக்கிக்கு, ஒரு கிடைவரிசை ஒரு அட்டைக்கு. கட்டம் நிரம்பினால் பாவு மேலே எழும், காலியானால் எழாது. லீயின் தாளிலும் கட்டம்தான். நிரம்பிய கட்டத்தில் ஏற்கனவே செம்பு இருக்கிறது, அங்கே போகக்கூடாது. காலிக் கட்டத்தில் போகலாம்.

தொடங்கும் பேட்டில் 0 எழுதுங்கள். அதன் நான்கு பக்கக் காலிக் கட்டங்களில் 1. அந்த 1-களை ஒட்டிய காலிக் கட்டங்களில் 2. ஏரியில் கல் போட்ட அலைபோல எண்கள் விரியும். தடை வந்தால் சுற்றிக்கொள்ளும். கடைசியில், சேர வேண்டிய பேட்டை அலை தொடும். அங்கிருந்து எண் ஒவ்வொன்றாகக் குறையும் திசையில் திரும்பி நடந்தால் தொடங்கிய இடம் வரும். அதுதான் குறுகிய வழி. வழி இருந்தால் இந்த முறை கண்டுபிடித்தே தீரும். இல்லையென்றால் அலை அடங்கிவிடும், அப்போது அந்தக் கட்ட அமைப்பில் வழியே இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். இந்த உறுதி லீயின் முறைக்குப் பெரிய பலம்.

விலை அதிகம், அதுதான் சிக்கல். 25 மில் கட்டத்தில் ஒரு அங்குலம் 40 கட்டம். தடையே இல்லாத வெளியில் 40 கட்டம் தள்ளியிருக்கும் பேட்டைத் தொடுவதற்குள் அலை ஏறத்தாழ 3,281 கட்டங்களை நனைத்திருக்கும். தூரம் இரண்டு அங்குலமானால் 12,961. தூரம் இரட்டித்தால் வேலை நான்கு மடங்கு. இரண்டு பேட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் அலையை விட்டால் நடுவில் சந்திக்கும், ஒரு அங்குலத்துக்கு 1,682 கட்டத்தில் முடிந்துவிடும்.

நினைவகமும் இடித்தது. 6க்கு 4 அங்குல போர்டு 25 மில் கட்டத்தில் 240 பெருக்கல் 160, அதாவது 38,400 கட்டம். இரண்டு முகத்துக்கு 76,800. கட்டத்துக்கு ஒரு பைட் என்றால் 75 கிலோபைட். 1965-ல் வந்த பி.டி.பி.-8 கணினியின் அடிப்படை நினைவகம் 12 பிட் சொற்கள் 4,096, மொத்தம் 49,152 பிட். இங்கே 1967-ல் ஏக்கர்ஸ் என்ற ஆய்வாளர் சொன்ன யுக்தி அழகானது. தூரத்தை 1, 2, 3 என்று எழுதத் தேவையில்லை, 1, 1, 2, 2, 1, 1, 2, 2 என்று எழுதினால் போதும் என்றார். எந்தக் கட்டத்தை எடுத்தாலும் அதற்கு முன்னதும் பின்னதும் வேறு வேறு எண்ணாகவே இருக்கும், ஆகவே திரும்பி நடக்கும்போது திசை குழம்பாது. காலி, தடை, 1, 2 என நான்கு நிலை. கட்டத்துக்கு 2 பிட் போதும். அப்படியும் பி.டி.பி.-8-ன் அடிப்படை நினைவகத்தில் 24,576 கட்டம்தான் அடங்கும். நம் போர்டின் ஒரு முகம்கூட முழுதாக நுழையாது. நிரலுக்கே இடம் வேண்டுமே, அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அதனால் வேறு வழி தேடினார்கள். ஜப்பானில் மிகாமியும் தபுச்சியும் 1968-லும், பெல் ஆய்வகத்தில் ஹைடவர் 1969-லும் கட்டங்களை விட்டுக் கோடுகளைப் பிடித்தார்கள். பேட்டிலிருந்து நீளமாக ஒரு கோடு விட வேண்டும். அது தடையில் முட்டினால், தப்பிக்கும் இடத்திலிருந்து குறுக்காக இன்னொரு கோடு. மறுமுனைக் கோட்டோடு வெட்டிக்கொண்டால் வழி கிடைத்துவிட்டது. நினைவகம் மிகக் குறைவு, வேகம் அதிகம். ஆனால் ஹைடவரின் முறை வழி இருந்தும் சில நேரம் கைவிரித்துவிடும். முதலில் கோட்டு முறையை ஓட்டி, மிஞ்சியதற்கு லீயை ஓட்டுவது புத்திசாலித்தனமான கலவை.

இரண்டு முகப் போர்டில் இந்த மென்பொருள்கள் எடுத்துக்கொண்ட பெரிய முடிவு ஒன்று உண்டு. தறி பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. ஒரு முகத்தில் டிராக் எல்லாம் நெட்டுக்குப் போக வேண்டும், மறு முகத்தில் எல்லாம் குறுக்கே போக வேண்டும். பாவுக்கு ஒரு முகம், ஊடைக்கு ஒரு முகம். திசை மாற வேண்டிய இடத்தில் துளை போட்டு மறு முகத்துக்கு இறங்க வேண்டும், அதுதான் வையா. ஒரே முகத்தில் இரண்டு திசையும் கலந்தால், நீளமாகப் போகும் ஒரே ஒரு டிராக் போர்டையே இரண்டாக வெட்டிவிடும். அதற்குப் பின் வரும் ஐம்பது இணைப்பும் அந்தச் சுவரைத் தாண்ட வழி தேடி அலையும். தறியில் பாவோடு பாவு பின்னிக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மென்பொருள் இந்த ஒழுங்கைத் தடையாக அல்ல, செலவாகச் சொல்லிக்கொடுத்தது. எடுத்துக்காட்டாக, சரியான திசையில் ஒரு கட்டத்துக்குச் செலவு 1, தவறான திசையில் 3, வையாவுக்கு 10. அலை தூர வரிசையில் விரியாமல் செலவு வரிசையில் விரியும். வையா செலவைக் குறைத்தால் போர்டு முழுக்கத் துளையாகும். மிகக் கூட்டினால் ஒரே முகத்தில் சுற்றிச் சுற்றிப் போய் மற்றவர்களின் வழியை அடைக்கும். இந்த மூன்று எண்களைச் சரியாக வைப்பதில்தான் தானே வழி போடும் நிரலான ஆட்டோரவுட்டரின் பாதி வெற்றி. இன்றைக்கு ஃப்ரீரவுட்டிங் என்ற இலவச ஆட்டோரவுட்டரைத் திறந்தாலும் அமைப்புகளில் இதே செலவுகள் எதிரே நிற்கும்.

அடுத்தது வரிசை. எந்த இணைப்பை முதலில் போடுவது? சின்னது முதலில் என்பதே வழக்கம். நீளமானது முதலில் போனால் நடுவழியை மறித்துவிடும். எந்த வரிசையில் போட்டாலும் கடைசியில் சில இணைப்பு மிஞ்சும், அந்த மிச்சம்தான் போர்டிலேயே கடினமானது. கையால் அதை முடிக்க, சுலபமாக முடிந்த பத்தைக் கலைக்க வேண்டியிருக்கும். கணினிக்கே கலைக்கக் கற்றுக்கொடுத்தபோதுதான் பிடித்துப் பிய்த்து மறுபடி போடும் முறை வந்தது. மறிக்கும் டிராக்கைப் பிடுங்கு, மிஞ்சியதைப் போடு, பிடுங்கியதை மறுபடி முயற்சி செய். பிடுங்கிய இடத்தின் செலவை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏற்றாவிட்டால் இரண்டு டிராக்குகள் ஒன்றையொன்று மாறிமாறிப் பிடுங்கிக்கொண்டு விடிய விடிய ஓடும்.

இயந்திரங்களின் கதையை வேகமாகக் கடந்துவிடலாம். 1960-களின் பிற்பகுதியிலும் 70-களிலும் கால்மா, அப்ளிகான், கம்ப்யூட்டர்விஷன், இங்கிலாந்தின் ரெடாக் போன்றவை கணினி, மேசை, திரை, நிரல் எல்லாவற்றையும் ஒரே கட்டாக விற்றன. பெரிய நிறுவனங்கள் மட்டும் தொடக்கூடிய விலை. அதில் பாதி வேலை கையால் போட்ட பென்சில் படத்தை டிஜிட்டைசர் மேசையில் வைத்து, குறுக்குக் கம்பியுள்ள கருவியால் ஒவ்வொரு புள்ளியாக அழுத்திக் கணினிக்குள் ஏற்றுவது. திரை பெரும்பாலும் டெக்ட்ரானிக்ஸ் 4014 போன்ற சேமிப்புக் குழாய். வரைந்த கோடு திரையிலேயே தங்கும், தனியாக ஒன்றை அழிக்க முடியாது. ஒரு டிராக்கை நகர்த்தினால் முழுத் திரையும் பளிச்சென்று வெளுத்து மறுபடி முதலிலிருந்து வரையும். 1981-ல் மென்டர், டெய்சி, வேலிட் மூன்றும் தோன்றின. மென்டர் அப்பல்லோ பணிநிலையத்தில் ஓடியது. சர்க்யூட் படமும் அதன் சோதனையும் லேஅவுட்டும் ஒரே தரவில் நிற்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

சின்னப் பட்டறைகளுக்குக் கதவு திறந்தது ஐ.பி.எம். பி.சி.யால். 1985 ஒரு முக்கியமான ஆண்டு. ஓரிகானில் ஓர்கேட் தொடங்கியது, டாஸ்மேனியாவில் நிக் மார்ட்டின் புரோட்டெலைத் தொடங்கினார். அமெரிக்காவில் டாங்கோ என்ற பெயரில் விற்ற மென்பொருளும் புரோட்டெலின் உறவுதான். 1988-ல் ஜெர்மனியின் கேட்சாஃப்ட் ஈகிளைக் கொண்டுவந்தது. புரோட்டெல் 1991-ல் விண்டோஸுக்குப் போனது, 2001-ல் ஆல்டியம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. கீகேட்டை 1992-ல் தொடங்கியவர் பிரான்சின் ஜான் பியேர் ஷராஸ்.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து எல்லைகள் இன்னும் நம் கையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 640 கிலோபைட்டுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். அதே 6க்கு 4 போர்டை 12.5 மில் கட்டத்தில் வைத்தால் 3,07,200 பைட், கிட்டத்தட்டப் பாதி நினைவகம் கட்டத்துக்கே போய்விடும். ஆகவே 25 மில் கட்டமே வழக்கமானது. கட்டம் அதுவானால் பேட்டும் டிராக்கும் அதற்குப் பொருந்த வேண்டும். 100 மில் இடைவெளியில் 62 மில் பேட் வைத்தால் நடுவில் மிஞ்சுவது 38 மில். 12 மில் டிராக், இரு பக்கமும் 13 மில் இடைவெளி, கணக்கு சரியாகத் தீரும். பேட்டை 50 மில்லாக்கினால் மிஞ்சுவது 50. 10 மில் டிராக் இரண்டு, 10 மில் இடைவெளி மூன்று, அதுவும் தீரும். ஐ.சி. கால்களுக்கு நடுவே ஒரு டிராக்கா இரண்டு டிராக்கா என்பதை வைத்தே ஒரு பட்டறையின் தரத்தை எடைபோட்ட காலம் உண்டு. இந்த இரண்டு கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், டிப் ஐ.சி. போர்டுக்கு வேறு பட்டியல் தேவையில்லை.

புரோட்டெலின் டாஸ் மென்பொருளான ஆட்டோட்ராக்ஸில் போர்டின் எல்லை 32 அங்குலம். 16 பிட் எண்ணில் குறியோடு எழுதக்கூடிய பெரிய எண் 32,767. ஒரு மில்லுக்கு ஒன்று என்று எண்ணினால் 32 அங்குலத்துக்குச் சற்று மேல் தீர்ந்துவிடும். கீகேட் நெடுங்காலம் அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை அலகாக வைத்திருந்தது. பிறகு நானோமீட்டருக்கு மாறியது. இந்த மாற்றத்தைப் பலர் கவனிக்கவில்லை, ஆனால் நான் மிகவும் மதிக்கும் முடிவு இது. ஒரு மில் மிகச் சரியாக 25,400 நானோமீட்டர். மில்லிமீட்டரும் முழு எண், மில்லும் முழு எண். அலகு மாற்றத்தில் உதிரும் துணுக்குகள் அதோடு நின்றன.

புரோட்டெல், டாங்கோ காலத்து நெட்லிஸ்ட் வெறும் எழுத்துக் கோப்பு. சதுர அடைப்புக்குள் ஒரு உதிரிபாகம்: பெயர், உறை, மதிப்பு. வளைந்த அடைப்புக்குள் ஒரு இணைப்பு: அதன் பெயர், அது தொடும் கால்கள். ஆக்சியல் 0.4 என்று பழைய நூலகங்களில் இன்றும் காணும் ரெசிஸ்டர் உறையின் பெயர் அங்கிருந்து வந்தது. 0.4 என்பது அங்குலம், துளைக்குத் துளை 10.16 மி.மீ. கால் வாட் ரெசிஸ்டர் நிம்மதியாக உட்காரும்.

பிறகு கால் இடைவெளி 0.65, 0.5 மி.மீ. என்று சுருங்கிய சிப்கள் வந்தன. 25 மில் கட்டத்தில் அவை நிற்கவே நிற்காது. கட்டத்தைவிட்டு, செம்பின் உருவங்களையே வைத்து வழி தேடும் ஸ்பெக்ட்ரா ரவுட்டரை கூப்பர் அண்ட் சியான் நிறுவனம் கொண்டுவந்தது. 1997-ல் கேடென்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. கீகேட்டிலிருந்து ஃப்ரீரவுட்டிங்குக்குப் போகும் டி.எஸ்.என். கோப்பு அந்த ஸ்பெக்ட்ராவின் வடிவம்தான்.

இனி கெர்பர், அதாவது போர்டின் படத்தைத் தயாரிப்பவருக்கு அனுப்பும் கோப்பு வடிவம். போர்டு தொழிலில் மிக அதிகப் பணம் வீணாகும் இடம் இது என்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வியன்னாவில் பிறந்த ஜோசப் கெர்பரின் நிறுவனம் 1960-களில் ஃபோட்டோபிளாட்டர் செய்தது. இருட்டறையில் மேசை மேல் பிலிம், அதன் மேல் நகரும் விளக்குத் தலை, தலைக்குள் ஒரு சக்கரம். சக்கரத்தில் வழக்கமாக 24 துவாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு உருவம், ஒரு அளவு. கோப்பில் இருப்பது கட்டளைகள் மட்டும். டி02 என்றால் விளக்கை அணைத்துக்கொண்டு நகர். டி01 என்றால் எரியவிட்டு நகர், டிராக் விழும். டி03 என்றால் நின்ற இடத்தில் ஒரு முறை மின்னு, பேட் விழும். டி10 முதல் உள்ளவை எந்தத் துவாரம் என்பது.

டி11 எத்தனை மில் என்று கோப்பில் இல்லை. அது தனித்தாளில் எழுதி, கோப்போடு கூடவே அனுப்ப வேண்டியது. தாள் தொலைந்தாலோ பழைய போர்டின் தாள் சேர்ந்து போனாலோ, டிராக் பேட் அகலத்திலும் பேட் டிராக் அகலத்திலும் பிலிம் வரும். 24 துவாரம்தான் என்பதால் வடிவமைப்பாளர்கள் 12, 25, 50, 100 என்று சில அகலங்களிலேயே நின்றார்கள். டிராக்குக்கு வட்டத் துவாரம்தான். சதுரத் துவாரத்தை 45 பாகையில் இழுத்தால் அகலம் 1.414 மடங்காகிவிடும். சாய்த்த செவ்வகப் பேட்டுக்குத் துவாரமே இருக்காது, அதனால் மெல்லிய கோடுகளை நெருக்கமாக இழுத்துத் தீற்றி நிரப்புவார்கள். இந்தத் தீற்றிய பேட்கள் இன்றும் சில பழைய மென்பொருள்களின் கோப்பில் வரும். கண்ணுக்குப் பேட், தயாரிப்பவரின் மென்பொருளுக்கு வெறும் கோட்டுக் குவியல். சால்டர் மாஸ்க் (பேட்டைத் தவிர மற்ற இடத்தை மூடும் பூச்சு) விரிக்கவும் மின்சோதனைப் புள்ளி எடுக்கவும் அது அடையாளம் தெரியாமல் விழிக்கும்.

இந்த வடிவத்தின் விளக்கநூல் 1980-ல் வந்தது, ஆர்.எஸ்.-274-டி. துவாரங்களின் அளவைக் கோப்புக்குள்ளேயே எழுதும் ஆர்.எஸ்.-274-எக்ஸ் 1990-களில் நிலைபெற்றது. இப்போது இதைப் பராமரிக்கும் யூகாம்கோ 2014-ல் பழைய டி வடிவத்தைச் செல்லாது என்றே அறிவித்துவிட்டது. யாராவது துவாரத் தாள் தனியாகக் கேட்டால் அவர்கள் பழைய வடிவத்தில் நிற்கிறார்கள் என்று பொருள். எக்ஸ் வடிவத்திலேயே அனுப்புங்கள்.

எண்களில் புள்ளி கிடையாது என்பது இன்னொரு பள்ளம். எக்ஸ் 12345 என்று இருந்தால், 2.3 வடிவத்தில் (புள்ளிக்கு முன் 2 இலக்கம், பின் 3) 12.345 அங்குலம், 2.4 வடிவத்தில் 1.2345 அங்குலம். போர்டு பத்து மடங்கு வீங்கியோ சுருங்கியோ தெரிந்தால் இதுதான். 25.4 மடங்கு என்றால் அங்குலமும் மில்லிமீட்டரும் மாறியிருக்கிறது. துளைக்கான எக்ஸலான் கோப்பில் பூஜ்யங்களை விடும் முறையும் சேர்ந்துகொள்ளும். 1.5 அங்குலம் 2.4 வடிவத்தில் 015000. பின்பூஜ்யங்களை விட்டால் 015. அதை முன்பூஜ்யம் விட்டதாக வாசித்தால் 0.0015 அங்குலம், துளைகள் பல மூலையில் குவிந்து நிற்கும். குழப்பத்துக்குக் காரணம் இரண்டு கோப்பும் ஒரே எழுத்தை எதிரெதிராகப் பயன்படுத்துவது. கெர்பர் தலைப்பில் எல் என்றால் முன்பூஜ்யம் விடப்பட்டது. எக்ஸலானில் எல்.இசட். என்றால் முன்பூஜ்யம் வைக்கப்பட்டது. அனுப்புமுன் கெர்பரையும் துளைக் கோப்பையும் ஒரே பார்வையில் ஏற்றி, ஒவ்வொரு பேட்டின் நடுவிலும் துளை நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ஒரு முகப் போர்டை உள்ளூரிலேயே பிலிம் போட்டு, பெரிக் குளோரைடில் அரித்து எடுப்பவர்களுக்கு டேப் காலத்துப் பாடம் இன்னும் நேரடியாகப் பொருந்தும். ஃப்ரீரவுட்டிங்கில் இரண்டு முகமாகவே ஓட்டுங்கள். மேல் முகத்தின் செலவை நன்றாக ஏற்றி, திசையைக் குறுக்காக மட்டும் வையுங்கள். மேலே விழும் ஒவ்வொரு ஊடைக்கோடும் ஒரு ஜம்பர் கம்பி. பிறகு அவற்றைக் கையால் 0.3, 0.4, 0.5 அங்குலம் என்று மூன்றே நீளத்துக்குள் கொண்டுவந்தால் பொருத்துபவர் கம்பியை மொத்தமாக வெட்டி வளைத்து வைத்துக்கொள்ளலாம். பவரும் கிரவுண்டும் ஆட்டோரவுட்டருக்கு விடாதீர்கள். முதலில் கையால் போட்டுப் பூட்டிவிட்டு மற்றதை ஓட்டுங்கள். 35 மைக்ரான் செம்பு அரியும்போது பக்கவாட்டிலும் ஏறத்தாழ அதே அளவு அரியும். 0.3 மி.மீ. டிராக் 0.23 ஆகிவிடும். திரை அச்சில் (ஸ்கிரீன் பிரிண்டிங்) 0.5 மி.மீ.க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

பிலிம் அசையாப் பொருள் அல்ல. பாலியெஸ்டர் பிலிம் ஒரு பாகை செல்சியஸுக்குச் சுமார் பத்து லட்சத்தில் 18 பங்கு நீளும், ஈரப்பதம் ஒரு சதவீதம் கூடினால் சுமார் 9 பங்கு. 38 பாகையில் சேலத்தில் எடுத்த 250 மி.மீ. பிலிமை 20 பாகை குளிரில் ஏற்காட்டில் வைத்தால் குளிரால் 0.08 மி.மீ. சுருங்கும். ஈரப்பதம் 45 சதவீதம் கூடியிருந்தால் அதனால் 0.1 மி.மீ. நீளும். இரண்டும் ஏறக்குறையக் கழிந்துவிடுவது அதிர்ஷ்டம்தான். ஆனால் வெப்பம் சில நிமிடத்தில் மாறும், ஈரம் ஏற மணிக்கணக்காகும். இரண்டு முகப் போர்டுக்கு இரு பிலிமையும் ஒரே நாளில், ஒரே அறையில், கொஞ்ச நேரம் பரப்பிவைத்த பிறகு பொருத்துங்கள்.

பிரிண்டரில் எடுக்கும் பிலிமுக்கு ஒரே சோதனை. படத்தின் ஓரத்தில் 40 கால் ஐ.சி. ஒன்றை நெட்டுக்கும் இன்னொன்றைக் குறுக்குக்கும் வைத்து அச்சிடுங்கள். முதல் காலிலிருந்து இருபதாம் கால் வரை 48.26 மி.மீ. இருக்க வேண்டும். லேசர் பிரிண்டர் தாள் நகரும் திசையில் பெரும்பாலும் கொஞ்சம் ஏமாற்றும், அதனால்தான் இரண்டு திசையிலும் பார்க்கச் சொல்வது. நிஜ ஐ.சி.யை எடுத்து பிலிம் மேல் வைத்துப் பாருங்கள். சால்டர் பக்கப் படத்தைத் திருப்பாமல் அச்சிட்டு, டோனர் பக்கம் செம்பைத் தொடும்படி கவிழ்த்து வையுங்கள். டோனர் மேலே இருந்தால் பிலிமின் தடிமன் வழியாக ஒளி பக்கவாட்டில் புகுந்து டிராக் விளிம்பைத் தின்றுவிடும். செம்பில் வர வேண்டிய இடத்தில் ஒரு எழுத்தை முன்கூட்டியே போட்டுவையுங்கள். கவிழ்த்த பிலிமில் அது நேராக வாசிக்க வந்தால் விளக்கைப் போடலாம்.